மறையும் இனமும் மறைக்கப்பட்ட கடிகாரமும்

நிழற்படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கை கற்றோரிடையேயும் வேரூன்றியிருக்கின்றது. ஒரு செய்யுளைக் கையிலெடுத்தால், இதனை ஆக்கியோன் யார், எவர் பொருட்டு ஆக்கினான், எவருடைய ஆதரவில் நின்று ஆக்கினான் என்று வினவுகிறோம். நிழற்படத்தைக் கண்டதும் அவ்வினாக்கள் யாவும் எம் நாவைவிட்டு அகன்றுவிடுகின்றன. ஒளியும் இரசாயனமும் சேர்ந்து தாமாகவே வரைந்ததொன்றிற்கு ஆசிரியன் ஏது, நோக்கம் ஏது என்று எண்ணிவிடுகிறோம். இவ்வெண்ணம் எத்துணைப் பேதைமையானது என்பதை வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையோர மக்களைப் பற்றிய பழைய நிழற்படங்கள் நன்கு உணர்த்துகின்றன.

அலாஸ்காவின் தென்பகுதியிலிருந்து வன்கூவர் தீவு வரை நீண்டு கிடக்கும் கரையிலே திலிங்கித், ஹைடா, சிம்சியன், குவாக்வாக்கவாக் முதலிய மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் வானளாவிய செதுக்குக் கம்பங்களையும், முகமூடி அணிந்த ஆட்டக்காரரையும், மரப்பட்டை ஆடை தரித்த தலைவரையும் காட்டும் படங்கள் உலகெங்கும் பரவியுள்ளன. அவற்றின் அழகை எவரும் மறுக்கார். ஆயினும் அவ்வழகு எவ்விலைக்குப் பெறப்பட்டது, அதனால் எது மறைக்கப்பட்டது என்பதை ஆராய்தல் விமர்சகரின் கடன்.

சொற்களில் தொடங்கும் குழப்பம்

முதலிற் பெயர்களை நோக்குவோம். 'செவ்விந்தியர்' என்று நாம் வழங்கும் பெயர், திசை தவறிய கொலம்பசின் மயக்கத்திற் பிறந்தது. 'டோட்டம்' என்ற சொல்லோ இக்கரையோர மொழிகளுக்கு உரியதன்று. கிழக்கே பேரேரிகளைச் சூழ வாழும் ஒஜிப்வே மக்களின் சொல்லிலிருந்து ஆங்கிலம் பெற்றுக்கொண்டது. அதனைத் தமிழ் ஆய்வாளர் 'குலக்குறி' என மொழிபெயர்த்தனர். இவ்வாறு மூன்று கை மாறி வந்த சொல்லைக் கொண்டு இக்கம்பங்களைக் 'குலக்குறிக் கம்பங்கள்' என்றழைக்கும்போது, அவை வழிபடு தெய்வங்கள் என்ற மயக்கம் எளிதில் உண்டாகின்றது. பாதிரிமார் பலர் அவ்வாறே கருதினர்.

உண்மையில் இவை வழிபாட்டிற்குரியன அல்ல. வீட்டின் முகப்பிலே நிற்கும் கம்பம் அக்குடியின் மூதாதையர் வரலாற்றையும் அதற்குரிய சின்னங்களையும் எடுத்துரைப்பது. இறந்தோரின் எச்சங்களைத் தாங்குவது பிறிதொரு வகை. மறைந்த தலைவனின் நினைவாக எழுப்பப்படுவதும் உண்டு. கடனை மீளக் கொடாதவனை ஊரறிய நாணச் செய்வதற்காக எழுப்பப்படுவதும் உண்டு. காகம், கழுகு, கரடி, ஓநாய், கடற்சுறா என்பவற்றைச் சின்னமாகக் கொள்ளும் உரிமை இன்ன குடிக்கே உண்டு என்று சாற்றும் உறுதிப்பத்திரம் என இக்கம்பத்தைக் கூறினாற் பெரிதும் பிழையாகாது. எங்கள் நாட்டில் உறுதி எழுதுவோர் சாட்சிகளை அழைப்பது போலவே, இம்மக்களும் கம்பம் நாட்டும்போது அயற் குடிகளைச் சாட்சிகளாக அழைத்தனர். வந்தோர்க்கு விருந்தளித்து, கம்பளங்களும் உணவும் பிற பொருள்களும் வாரி வழங்கினர். பரிசு பெற்றவன் தான் கண்டதற்குச் சாட்சி கூறக் கடமைப்பட்டவனானான். இவ்விழாவே 'பொட்லாச்' எனப்படுவது.

விழாவுடைகளும் இத்தகையனவே. மலையாட்டின் உரோமத்தையும் தேவதாரு மரப்பட்டையின் நாரையும் கொண்டு நெய்யப்பட்ட சில்கற் போர்வை, அணிபவரின் குடிப்பிறப்பை அறிவிப்பது. பொத்தான் போர்வை என்பது வணிகக் கும்பினியார் கொண்டுவந்த கம்பளித் துணியிலே செந்நிறத் துணியால் சின்னத்தைப் பதித்து, சிப்பிப் பொத்தான்களால் ஓரங்கட்டி ஆக்கப்பட்டது. அன்னியர் விற்ற துணியைத் தம் முன்னோர் சின்னத்திற்குப் பணிசெய்ய வைத்த இம்மக்களின் ஆற்றலை அவ்வுடையே புலப்படுத்துகின்றது. புதியதைத் தனதாக்கும் பண்பாடு உயிருள்ள பண்பாடாகும். இதனை நினைவில் இருத்துதல் வேண்டும், பின்னர் பயன்படும்.

ஈண்டு முற்போக்காளர்க்கு ஓர் எச்சரிக்கை கூறுதல் தகும். பொருளைச் சேர்த்துப் பகிர்ந்தளிக்கும் வழக்கத்தைக் கண்ட மாத்திரத்தே இது புராதனப் பொதுவுடைமை என்று மகிழ்வார் உளர். இச்சமுதாயத்திலே உயர்குடியினர் இருந்தனர், பொதுமக்கள் இருந்தனர், போரிற் பிடிபட்ட அடிமைகளும் இருந்தனர். பொட்லாச்சின் கொடையும் பெருமை நாடிய கொடையே. ஒரு மக்களை ஒடுக்குமுறையிலிருந்து காப்பதற்கு அவர்களைக் குறையற்றோராகச் சித்திரிக்க வேண்டிய தேவையில்லை. குறைநிறைகளோடு கூடிய மனிதர் என்பதே அவர்தம் உரிமைக்குப் போதிய ஆதாரமாகும்.

குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய தமது நூலை ஏங்கெல்ஸ் வெளியிட்டது 1884ஆம் ஆண்டில். அதே ஆண்டிலேதான் கனடிய அரசு பொட்லாச்சைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 1885 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின்படி, விழாவை நடத்துவோரும் அதற்குத் துணைநிற்போரும் இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையில் அடைக்கப்படலாம். பொருளைச் சேர்த்து வைக்காது வழங்கிவிடும் மக்கள், உழைத்துச் சேமித்து உடைமை பெருக்கும் 'நாகரிக'த்திற்குத் தடையென்று பாதிரிமாரும் அதிகாரிகளும் முறையிட்டனர். தனிச்சொத்தின் ஆட்சிக்குக் கொடையும் குற்றமாகத் தோன்றியது.

அளவையாளரின் கமரா

இக்கரையின் ஹைடா ஊர்களை முதன்முதலாகப் படம்பிடித்தவர்களுள் தலையாயவர் ஜோர்ஜ் டோசன். அவர் கனடிய மண்ணியல் அளவைப் பகுதியைச் சேர்ந்தவர். 1878ஆம் ஆண்டிலே, இன்று ஹைடா குவாய் எனவும் அன்று குயீன் சார்லட் தீவுகள் எனவும் வழங்கிய நிலத்தின் மண்ணையும் பாறையையும் ஆராயச் சென்றபோது, ஸ்கிடகேற் முதலிய ஊர்களைப் படம்பிடித்தார். கடற்கரையோரமாக வரிசையாக நிற்கும் வீடுகளும், காடு போற் செறிந்த கம்பங்களும் அப்படங்களிலே காட்சியளிக்கின்றன. மனிதர் மட்டும் மிகச் சிலரே.

அவ்வெறுமைக்குக் காரணத்தைப் படம் கூறாது, வரலாறு கூறும். 1862இல் விக்டோரியா நகரிலே அம்மை நோய் பரவியது. நகரைச் சூழத் தங்கியிருந்த வடபுலத்து மக்களை அதிகாரிகள் அங்கிருந்து விரட்டினர். அவர்கள் தத்தம் ஊர்களுக்குத் தோணியிலே திரும்பியபோது நோயும் உடன் சென்றது. ஊர்கள் அழிந்தன. எஞ்சியோர் பின்னர் ஓரிரு ஊர்களில் ஒருங்கு கூடினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹைடா குவாயில் எஞ்சிய ஹைடா மக்கள் ஆயிரவரும் இலர். ஆகவே, டோசனின் படங்களிற் காணும் அமைதி இயற்கையின் அமைதியன்று. பேரழிவு நிகழ்ந்து பதினாறு ஆண்டுகளின் பின் நிலவிய அமைதி. அதனை 'தொன்மையின் மோனம்' என்று வியப்பவர் இடுகாட்டைப் பூங்காவென்று புகழ்பவராவர்.

கேர்ட்டிசும் அவர் புரவலரும்

இத்துறையிலே பெரும்புகழ் ஈட்டியவர் சியாட்டில் நகரத்து நிழற்படக் கலைஞராகிய எட்வேர்ட் கேர்ட்டிஸ். 1868இற் பிறந்து 1952இல் மறைந்த இவர், வட அமெரிக்க ஆதிக்குடிகளைப் பற்றி இருபது தொகுதிகளை 1907 முதல் 1930 வரை வெளியிட்டார். குவாக்வாக்கவாக் மக்களைப் பற்றிய பத்தாந் தொகுதி 1915இல் வெளியாயிற்று. இம்முயற்சிக்கு 1906இல் 75,000 டொலர் வழங்க முன்வந்தவர் வங்கி முதலாளி ஜே. பி. மோர்கன். முன்னுரை வழங்கியவர் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ற். ஐந்நூறு பிரதிகள் மாத்திரமே வெளியிடத் திட்டமிடப்பட்டு, செல்வரும் பெரும் நூலகங்களுமே வாங்கத்தக்க விலையில் அவை விற்கப்பட்டன. அவற்றிலும் முந்நூறுக்குக் குறைவானவையே விலைபோயின. இப்படங்களில் இடம்பெற்ற மக்கள் அவற்றை வாங்கிப் பார்ப்பர் என்று எவரும் கருதவில்லை.

புரவலனும் வாசகனும் இன்னார் என அறிந்தபின் நூலின் தொனியை ஊகித்தல் எளிது. முதற்றொகுதியின் முதற்படத்திற்குக் கேர்ட்டிஸ் இட்ட தலைப்பு 'மறையும் இனம்' என்பது. நவாஹோ மக்கள் குதிரைகளிலே வரிசையாக, எமக்கு முதுகு காட்டி, இருளை நோக்கிச் செல்கின்றனர். எவரால் அவர்கள் அவ்விருளுக்குள் அனுப்பப்படுகின்றனர் என்ற வினாவிற்கு அப்படத்திலே இடமில்லை. பொழுது சாய்வதுபோல ஓர் இனமும் தானே சாய்கின்றதாம்! நிலம் பறித்தோர் இதனைக் கண்டு இரங்கலாம், பெருமூச்செறியலாம். குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை. அந்த இரக்கமே இப்படங்களின் விற்பனைப் பொருள் எனலாம்.

'மறைதல்' என்ற கோட்பாடு படத்தின் அகத்தேயும் புகுந்து வேலை செய்தது. 1910இல் சமவெளியிலுள்ள பீகன் மக்களின் கூடாரத்துள்ளே இருவர் அமர்ந்திருப்பதைக் கேர்ட்டிஸ் படம்பிடித்தார். மூலப்படத்தில் அவ்விருவரிடையே ஒரு கடிகாரம் இருந்தது. அச்சிட்ட படத்தில் அது அழிக்கப்பட்டுவிட்டது. நேரத்தைக் காட்டும் கருவியை அகற்றியமையால், அம்மனிதர் காலத்திலிருந்தே அகற்றப்பட்டனர். பொத்தான் போர்வையைப் பற்றி மேலே கூறியதை இங்கு நினைவு கொள்க. அம்மக்கள் புதியதைத் தமதாக்கிக்கொண்டனர். கலைஞரோ அப்புதியதைச் சுரண்டி எடுத்தார்.

குவாக்வாக்கவாக் மக்களிடையே அவர் எடுத்த 'தலைகொய்வோர் நாட்டிலே' என்ற திரைப்படம் 1914இல் வெளியாயிற்று. நடித்தோர் அவ்வூர் மக்களே. அக்காலத்தில் அவர்கள் மேனாட்டுக் காற்சட்டையும் சட்டையும் அணிந்து, மீன் பதனிடும் ஆலைகளிற் கூலிபெற்று உழைத்துக்கொண்டிருந்தவர்கள். படத்தின் பொருட்டு வழக்கொழிந்த மரப்பட்டை ஆடைகள் புதிதாகச் செய்விக்கப்பட்டன, பொய்முடி அணிவிக்கப்பட்டது, மீசைகள் மழிக்கப்பட்டன. ஆலைத் தொழிலாளி காட்சிக்கு உதவார் என்று விலக்கப்பட்டு, அவருடைய பாட்டனாரின் வேடமே வேண்டப்பட்டது. உழைக்கும் மனிதனைக் காணாத கலை எங்கே தோன்றினும் இவ்வாறே செய்யும்.

எனினும் இங்கேயே மற்றொரு செய்தியும் உண்டு. இப்படத்தின் பெரும் பணிகளைச் செய்தவர் ஜோர்ஜ் ஹண்ட். திலிங்கித் தாய்க்கும் ஆங்கிலேயத் தந்தைக்கும் மகனாய், குவாக்வாக்கவாக் மக்களிடையே வளர்ந்து, மானிடவியலறிஞர் பிரான்ஸ் போவாசுக்குப் பல்லாண்டு துணைநின்றவர். அவருடைய மனைவியார் சுக்வானி ஆடைகளை ஆக்கியதோடு பாத்திரமேற்று நடித்தும் இருக்கிறார். தோணிகளின் முகப்பிலே இடிப்பறவையும், கரடியும், குளவியும் ஆடிவரும் அந்த மறக்கவொண்ணாத காட்சியின் முகமூடிகளை அறிந்தவர்கள், ஆட்டங்களை அறிந்தவர்கள் அவர்களே. சட்டம் தடுத்த ஆட்டத்தை, கமராவின் முன்னே என்ற போர்வையில், அவர்கள் பகலிலே ஆடினர். கேர்ட்டிஸ் தமது கற்பனைக் கதையைப் படமாக்குவதாக எண்ணினார். ஆடியோர் தம் உரிமையை ஆடிக்கொண்டனர். ஒரு படத்திற்கு ஓர் ஆசிரியரே உண்டு என்ற எண்ணம் இங்கே தகர்கின்றது.

பிறிதொரு படம்

இவ்வழகிய படங்களுக்கு அருகே வேறொரு படத்தை வைத்துப் பார்த்தல் வேண்டும்.

1921ஆம் ஆண்டின் நத்தார் காலத்தே, வில்லேஜ் தீவிலே டான் கிரான்மர் என்பார் பெரியதொரு பொட்லாச் நடத்தினார். அதனை அறிந்த அதிகாரிகள் 45 பேர்மீது வழக்குத் தொடுத்தனர். குற்றங்கள் யாவை? உரையாற்றியமை, ஆடியமை, பரிசுகளை ஒழுங்குசெய்தமை, அவற்றைப் பெறுவோரிடம் சுமந்து சென்றமை! தம் குடிகளின் முகமூடிகளையும் விழாப் பொருள்களையும் ஒப்படைத்தால் தண்டனை இடைநிறுத்தப்படும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. இருபது பேரளவில், ஆண்களும் பெண்களும், ஓக்கல்லா சிறைக்கு அனுப்பப்பட்டனர். ஒப்படைக்கப்பட்ட முகமூடிகளும், செப்புத் தகடுகளும், ஆரவாரக் கருவிகளும் அலேட் பே ஊரின் ஆலய மண்டபத்திலே வாங்குகளில் அடுக்கப்பட்டு, கட்டணம் பெற்றுக் காட்டப்பட்டன. அக்காட்சியும் படம்பிடிக்கப்பட்டுள்ளது.

அப்படத்திலே தங்கநிற ஒளியில்லை, பனிமூட்டமில்லை, வானத்தை நோக்கும் தலைவனில்லை. கொள்ளைப் பொருள்களின் இருப்புக் கணக்கைப்போல அது காட்சி தருகின்றது. கேர்ட்டிசின் தொகுதி வெளிவந்து ஏழாண்டுகள்கூட ஆகவில்லை. செல்வர் வீட்டு நூலகத்தில் 'மறையும்' கலையாகப் போற்றப்பட்ட அதே வகை முகமூடிகள், அவற்றை அணிந்தோரின் ஊரிலே குற்றச்சான்றுகளாகக் கிடந்தன. பெரும்பகுதி ஒட்டாவாவிலுள்ள தேசிய நூதனசாலைக்குச் சென்றது. 35 பொருள்களை நியூயோர்க்கின் சேகரிப்பாளர் ஜோர்ஜ் ஹே விலைக்கு வாங்கினார். அந்நாளிலே ஆதிக்குடித் திணைக்களத்தின் தலைமை அதிகாரியாக இருந்தவர் டங்கன் கம்பெல் ஸ்கொட். அவர் கனடாவின் பெயர்பெற்ற கவிஞருமாவார். நலிந்து மறையும் ஆதிக்குடிகளைப் பற்றி உருக்கமான கவிதைகள் எழுதியவர். பகலிலே சட்டத்தால் நசுக்கி இரவிலே கவிதையால் இரங்கிய இம்மனிதரைக் கற்றபின், 'கலை வேறு, அரசியல் வேறு' என்று வாதிடுவோர்க்கு நாம் வேறு விடை தேட வேண்டியதில்லை.

கம்பங்களின் கதையும் இஃதே. 1899இல் சியாட்டில் நகர வணிகர் சிலர் அலாஸ்காவின் தொங்காஸ் ஊரிலே இறங்கி, திலிங்கித் குடியொன்றின் கம்பத்தை அறுத்தெடுத்துச் சென்று தம் நகரச் சதுக்கத்திலே நாட்டினர். அதே ஆண்டிலே இருப்புப்பாதை முதலாளி ஹரிமன் நடத்திய ஆய்வுப் பயணக் குழுவினர், கேப் பொக்ஸ் ஊர் கைவிடப்பட்டது என்று கூறிக் கம்பங்களை ஏற்றிச் சென்றனர். அக்குழுவின் நிழற்படக்காரர் கேர்ட்டிஸ்! 'கைவிடப்பட்டது' என்ற சொல் எத்துணை வசதியானது! மீன்பிடி காலத்திலே ஊரார் வெளியூர் செல்வதும், நோய்க்குப்பின் இடம்பெயர்வதும் உரிமை துறத்தலாகா. ஆனால் ஆளில்லாத கரையிலே கம்பங்கள் மாத்திரம் நிற்கும் படங்கள், அச்சொல்லுக்குச் சான்றுபோல நின்றன.

மற்றொரு கண்

ஆதிக்குடிகள் எக்காலமும் கமராவின் முன்னே நின்றவர்கள் மாத்திரமல்லர். அலாஸ்காவின் மெற்லகற்லாவிலே 1899இல் தமது நிழற்பட நிலையத்தைத் திறந்த பி. ஏ. ஹால்டேன் சிம்சியன் இனத்தவர். அவ்வூரோ, பாதிரியார் வில்லியம் டங்கனின் தலைமையிலே பழைய விழாக்களைத் துறந்தோர் குடியேறிய ஊர். அங்கே பிறிதொரு பாதை வகுத்த ஹால்டேனின் முன்னிலையில் மேனாட்டு உடையில் வந்து அமர்ந்தவர்களும் உளர்; முன்னோர் விழாவுடை தரித்து நின்றவர்களும் உளர். இரண்டும் ஒரே மக்களின் வாழ்க்கை. இங்கே கடிகாரத்தை அழிக்கவேண்டிய தேவை எழவில்லை. படம் கேட்டவரும், பணம் கொடுத்தவரும், வீட்டிற்கு எடுத்துச் சென்றவரும் அவர்களே. கேர்ட்டிசின் ஒளியமைப்பை இவருடைய படங்களிலே தேடுபவர் ஏமாறலாம். தம்மைத் தாமே காட்ட விழைந்த மனிதரைத் தேடுபவர் ஏமாறார்.

அவ்வாறாயின் கேர்ட்டிசின் படங்களை எறிந்துவிடலாமா? அது விமர்சனமாகாது. ஆயிரமாயிரம் மைல் அலைந்து, செல்வத்தையும் குடும்ப வாழ்வையும் இழந்து அவர் உழைத்தார் என்பது உண்மை. அவருடைய தொகுதிகளிலே பாடல்களும் கதைகளும் சொற்பட்டியல்களும் பதிவாகியுள்ளன. இவை யாவற்றினும் முக்கியமானது, படங்களில் உள்ளோரின் சந்ததியார் அவற்றை என்ன செய்தனர் என்பது. 1914இன் திரைப்படம் புதுப்பிக்கப்பட்டபோது, 1972இல் குவாக்வாக்கவாக் மக்களே கூடித் தம் மொழியிற் பேச்சும் பாட்டும் சேர்த்தனர். ஊமைப்படத்திற்கு அதன் உரியோர் குரல் கொடுத்தனர். அன்னியர் 'இறுதிச் சான்று' எனச் சேமித்ததை அவர்கள் பாடப்புத்தகமாகக் கொண்டனர்.

இனம் மறையவும் இல்லை. 1951இல் தடைச்சட்டம் கைவிடப்பட்டது. 1953இல் செதுக்குக் கலைஞர் மங்கோ மார்ட்டின் விக்டோரியாவிலே தாம் எழுப்பிய வீட்டிற் பொட்லாச் நடத்தினார். 1969இல் றொபேட் டேவிட்சன் என்னும் ஹைடா இளைஞர் மசெற் ஊரிலே கம்பம் நாட்டினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின்பின் அவ்வூரில் எழுந்த முதற் கம்பம் அது. பறிக்கப்பட்ட பொருள்களைப் பெற்றுக்கொள்வதற்காக 1979இல் கேப் மட்ஜிலும், 1980இல் அலேட் பேயிலும் பண்பாட்டு நிலையங்கள் திறக்கப்பட்டன. அலேட் பே நிலையத்தின் பெயர் 'ஊமிஸ்தா'. பகைவர் சிறைகொண்டவர் மீண்டு வருதலைக் குறிக்கும் சொல். கேப் பொக்சின் கம்பங்கள் 2001இல் மீண்டன. 1929இல் சுவீடனுக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஹைஸ்லா மக்களின் கம்பம் 2006இலும், அதே 1929இல் ஸ்கொட்லாந்து நூதனசாலைக்கென எடுக்கப்பட்ட நிஸ்கா மக்களின் கம்பம் 2023இலும் ஊர் திரும்பின. நூதனசாலைகள் தாமாக மனமிரங்கித் தந்தவை அல்ல இவை; பல்லாண்டு கேட்டும் வாதாடியும் பெறப்பட்டவை.

ஆசிரியரும் மாணவரும் இதனாற் பெறும் பயன் யாது? வகுப்பறையிலே இத்தகைய படமொன்று கைக்கு வருமாயின், 'எத்துணை அழகு' என்பதோடு நின்றுவிடாது, படத்திலுள்ளவர் பெயர் என்ன, படம்பிடித்த ஆண்டிலே அவர் என்ன தொழில் செய்தார், அவ்வுடையை அணிய அவரை நாட்டின் சட்டம் அனுமதித்ததா, படத்தின் மூலப்பிரதி இன்று எவரிடம் இருக்கின்றது என்று வினவுவோமாக. இவ்வினாக்கள் அழகைக் கெடுப்பன அல்ல. பெயரறியாத் தலைவனின் முகத்திலே, பெயருள்ள ஒரு மனிதரைக் காண அவை எமக்கு உதவுவன.